அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

மற்ற ஊர்த் தமிழருக்குக் கல்வெட்டு என்றால் கல். யாழ்ப்பாணத்தாருக்கு அது கடதாசி. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நடக்கும். அன்று சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கை கழுவிவிட்டுப் புறப்படும்போது வாசற் படலையடியில் ஒருவர் நின்று ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பார். அட்டையில் இறந்தவரின் படம் இருக்கும். தலைக்குப் பின்னால் சூரியக் கதிர், பக்கத்தில் குத்துவிளக்கு. உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி மக்கள் புலம்பல், கடைசியில் உறவுகளின் பட்டியல். இந்தப் புத்தகத்துக்குத்தான் எங்கள் ஊரில் கல்வெட்டு என்று பெயர். நான் ஒரு மானிடவியலாளர். இந்தக் கல்வெட்டுகளைப் படித்தே பட்டம் வாங்கினேன், பல்கலைக்கழகத்தில் வேலை எடுத்தேன், ஏழெட்டு நாடுகளுக்குப் போய்வந்தேன்.

அம்மாவுக்கு இது கடைசிவரை செரிக்கவில்லை.

"உது எங்கடை அலுமாரிக்குள்ளையும் ஒரு கட்டுக் கிடக்குது. உதை வாசிக்க ஏன் லண்டனுக்குப் போனனீ?" என்று கேட்பார். என் மாணவர்கள் யாராவது நீர்வேலிக்கு வீடு தேடி வந்தால், "உங்கடை மிஸ் செத்தவீட்டுப் புத்தகத்திலை டொக்டர்" என்று சொல்லித்தான் தேத்தண்ணீர் கொடுப்பார். பிள்ளைகள் சிரிப்பதா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

லண்டனில் என் ஆராய்ச்சிக்கு வைத்த தலைப்பில் மூன்று விடயங்கள் இருந்தன: பழங்குடிக் கலை, அரசியல், மனித உரிமை. மூன்றும் என் மேற்பார்வையாளர் தந்தவை. புலமைப்பரிசில் கொடுப்பவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே வரியில் வேண்டும் என்றார். நான் கல்வெட்டைக் காட்டினேன். அவர் அட்டையில் இருந்த சூரியக் கதிரை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதைச் செய்பவர்கள் பழங்குடிகள்தானே?" என்று கேட்டார். ஓம் என்று சொன்னேன். புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

அந்த ஓமுக்கான தண்டனை ஊருக்கு வந்ததும் கிடைத்தது. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் அவருடைய தகப்பனாரின் கல்வெட்டைக் கேட்டுப் போயிருந்தேன். இந்தத் தீவுக்கு முதலில் வந்தவர்கள் நாங்கள்தான், மற்றவர்கள் எல்லாரும் பிறகுதான் என்று ஒரு மணித்தியாலம் ஆதாரத்தோடு விளக்கினார். நான் பொறுமையாகக் கேட்டு முடித்து, ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். மேலே 'பழங்குடிக் கலை ஆய்வு' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அவர் படிவத்தை மேசையில் எறிந்தார்.

"ஆரைப் பாத்துப் பழங்குடி எண்டிறியள்? நாங்கள் என்ன காட்டுச் சனமே?"

நான் பேனையை எடுத்து அதை வெட்டி, 'பூர்வீகக் குடிகளின் கலை' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார், கையெழுத்து வைத்தார், உள்ளே பார்த்துத் தேத்தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். காட்டில் வாழ்பவர்கள் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. எனக்குக் கையெழுத்து வேண்டியிருந்தது.

கலை என்பது அட்டைப்படமும் புலம்பலும் என்று வைத்துக்கொண்டால், அரசியல் கடைசிப் பக்கத்துப் பட்டியலில் இருந்தது. யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, ஊரை விட்டு ஓடிப்போய்க் கலியாணம் கட்டிய மகளின் பெயர் வருமா, வந்தால் அவளுடைய கணவனின் பெயரும் வருமா என்று இழவு விழுந்த வீட்டில் பெரிய மாநாடே நடக்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அடைப்புக்குறி. எங்கள் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் ஓர் இடம் இருக்கும். கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ் என்று வரிசையாக வந்து, கடைசியில் ஒரு பாவப்பட்ட பிள்ளைக்கு மட்டும் நீர்வேலி என்று இருக்கும். எங்கள் வீட்டில் அந்தப் பாவப்பட்ட பிள்ளை நான்.

இந்த அடைப்புக்குறிகளைச் சேர்த்தே நான் பெயர் எடுத்தேன். ஒரு குளிர்தேசத்து அருங்காட்சியகத்தில், அங்குள்ள ஓவியர் ஒருவரோடு சேர்ந்து, சுவரை நிறைக்கும் ஓர் உலகப்படம் செய்தோம். கல்வெட்டில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிவப்பு நூல். யாழ்ப்பாணத்து வலிகாமக் கிராமங்களில் ஊசி குத்தி, அடைப்புக்குறிக்குள் இருந்த நாட்டுக்கு இழுத்துக் கட்டினோம். வெள்ளைக்காரர்கள் அதன் முன்னால் நின்று கண் கலங்கினார்கள். திறப்புவிழாவில் நான் பேசினேன். அரசாங்கத்தின் பதிவேடு பொய் சொல்லும், எங்கள் செத்தவீட்டுக் கடதாசி பொய் சொல்லாது என்றேன். நல்ல கைதட்டல் கிடைத்தது. அந்த வசனத்தைப் பிறகு நாலைந்து மேடைகளில் பாவித்தேன்.

மூன்றாவது, மனித உரிமை. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தம்பி வேண்டும்.

தம்பி போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் இருந்தான். போர் முடிந்தபோது அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த மாதங்களில் நான் லண்டனில், சூடேற்றிய நூலகத்தில் இருந்து கல்வெட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். இதை நான் ஒருவரிடமும் மன்னிப்பாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

படிப்பு முடிந்து நான் ஊருக்கு வந்தபோது காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்தார்கள். நானும் போய் இருந்தேன். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன், மொழிபெயர்த்துக் கொடுத்தேன், வெளிநாட்டவர் வரும்போது பக்கத்தில் நின்றேன். எந்தத் தாயிடமும் பிள்ளையின் படத்தை நெஞ்சுக்கு நேரே பிடியுங்கள் என்று நான் சொன்னதில்லை என்பதில் எனக்கு ஒரு சிறிய பெருமை உண்டு. ஆனால் என்னுடைய தாய் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. விசாரணைக்குழு ஒன்று வந்தபோது படிவத்தைக் கொண்டுபோய் அடுப்படியில் அவர் முன்னால் வைத்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நீ வேணுமெண்டால் ஊருலகத்துப் பிள்ளையளின்ரை பேரை எல்லாம் எழுது. என்ரை பிள்ளையின்ரை பேரை உந்தப் பட்டியலிலை போடாதை."

"அப்ப அவன் எங்கையம்மா?"

"இருக்கிற இடத்திலை இருக்கிறான். நீ உந்தத் தேங்காயைத் துருவு."

நான் தேங்காய் துருவினேன். பிறகு இதை ஒரு கட்டுரையில், ஊர் பேர் சொல்லாமல், 'ஒரு தாய்' என்று எழுதினேன். இழப்பை ஏற்க மறுக்கும் மனநிலை என்று அதற்கு ஒரு பெயரும் கொடுத்தேன். பெற்ற தாயை அடிக்குறிப்பில் போட்ட பிள்ளை நான்.

அம்மா சென்ற மாரிக்கு முன் இறந்துபோனார். பத்து நாள் காய்ச்சல், தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மூன்று நாள், அவ்வளவுதான். கனடாவிலிருந்து அண்ணை வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தோம்.

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்தமகனும் தாய்க்குக் கடைசி மகனும் கொள்ளி வைப்பதுதான் வழமை. கிரியை செய்ய வந்த ஐயர் தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, "கடைக்குட்டி ஆர்? வரச் சொல்லுங்கோ" என்றார். நான் அண்ணையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமி, அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

"அவர் பிரான்சிலை ஐயா. விசா சரிவரேல்லை."

ஐயர் தலையை ஆட்டினார். அவருக்கு இது வாரத்துக்கு இரண்டு தரம் கேட்கிற பதில். "அப்ப மூத்தவர் செய்யலாம்" என்றார். அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் இருந்தார். கூடியிருந்த அத்தனை பேரில் ஒருவருடைய முகமும் மாறவில்லை. மாமிக்குத் துயரத்தில் தலை கலங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, அண்ணை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த மரண அறிவித்தல் நோட்டீசைப் பார்த்தபடி சொன்னார்: "கல்வெட்டிலை உதை மாத்தவேணும் பிள்ளை."

அப்போதுதான் அந்த நோட்டீசை நான் வாசித்தேன். அம்மா இறந்த அன்று மாமியின் மகன் ஓடிப்போய்ச் சந்தி அச்சகத்தில் அச்சடித்துக்கொண்டு வந்தது. அண்ணையின் பெயர், அடைப்புக்குறிக்குள் கனடா. என் பெயர், நீர்வேலி. தம்பியின் பெயர், பிரான்ஸ்.

"இது ஆர் போட்டது?" என்று கத்தினேன்.

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்பாவின்ரை கல்வெட்டிலையும் உதுதானே கிடக்குது. நீ பாக்கேல்லையோ?"

நான் பார்த்ததில்லை. அப்பா இறந்தபோது நான் லண்டனில் இருந்தேன், அண்ணை கனடாவில் அகதி வழக்கு முடியாமல் இருந்தார். அம்மா தனியே நின்று எல்லாம் செய்தார். அப்பாவின் கல்வெட்டு எனக்குத் தபாலில் வந்தது. அட்டையைப் பார்த்தேன், உறைக்குள்ளேயே திருப்பி வைத்தேன். ஆய்வாளர் தன் சொந்த வீட்டைத் தரவுக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஆய்வேட்டில் ஒரு பந்தி எழுதினேன். மேற்பார்வையாளர் அதைப் பாராட்டினார். எனக்குத் துணிவில்லை என்பதை அவ்வளவு நல்ல மொழியில் வேறு யாரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

அண்ணைக்கு இந்தக் கதை தொடக்கத்திலிருந்தே தெரியும். போர் முடிந்து கொஞ்சக்காலம், வன்னியில் இருந்த பிள்ளைகளைப் பற்றி ஆமிக்காரர் வீடு வீடாக வந்து விசாரித்தார்கள். அம்மா தம்பியை ஒரே நாளில், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார், வாயால்தான். விசாரிக்க வந்தவர்கள் போய்விட்டார்கள். தம்பி திரும்பி வரவில்லை, அதனால் பிரான்சிலேயே இருந்துவிட்டான். ஊர் முழுக்க இது தெரியும். அவன் உண்மையில் வன்னிக்குப் போய்த் திரும்பவில்லை என்றும் ஊருக்குத் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டே, "தம்பி கதைச்சவரோ?" என்று அம்மாவிடம் கேட்பார்களாம், அம்மாவும் "போன கிழமை கதைச்சவன்" என்பாராம். போகப்போகப் பிரான்சில் அவனுக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும்கூட வந்துவிட்டார்களாம்.

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"அம்மாதான் வேண்டாமெண்டவ. உனக்குச் சொன்னால் நீ எழுதிப்போடுவாய் எண்டு சொன்னவ."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அதற்குப் பிறகு வந்தது வெட்கம். ஊரின் வாயைக் கிளறுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி இருந்த வீட்டுக்குள்ளேயே, அவளுக்குத் தெரியாமல், ஒரு கிராமமே சேர்ந்து ஒரு பிள்ளையைப் பிரான்சில் வளர்த்திருக்கிறது.

அலுமாரியில் இருந்து அப்பாவின் கல்வெட்டை எடுத்தேன். மக்கள் புலம்பல் என்ற பகுதியில், எங்கள் ஒவ்வொருவருக்கும் நாலு வரி இருந்தது. யாரோ ஒரு புலவருக்குச் சொல்லி அம்மா எழுதுவித்திருக்கிறார். தம்பியின் பங்கு இப்படித் தொடங்கியது: 'பனிகொட்டும் தேசத்தில் பாவிநான் நிற்கின்றேன், இனியெப்போ காண்பேனோ என்னப்பா உன்முகத்தை.' யாப்பு சரியாக இருந்தது. நான் நிலத்தில் இருந்து அழுதேன். பட்டம் வாங்கின பிறகு ஒரு கல்வெட்டை வாசித்து அழுதது அதுதான் முதல் தரம்.

அன்று பின்னேரம் எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை. அண்ணை தம்பியின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடவேண்டும் என்றார். அம்மாவோடு சேர்த்து அவனுக்கும் கீரிமலைத் தீர்த்தத்தில் செய்யவேண்டிய கிரியையைச் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்றார்.

"அம்மாவுக்காகத்தான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தனான். இனி ஆருக்குப் பிள்ளை உந்த நாடகம்? அவன் தன்னைக் கனடாவுக்குக் கூப்பிடச் சொல்லி என்னைக் கேட்டவன். கொஞ்சம் பொறு எண்டு சொன்னனான். அவன் பொறுத்தவன்."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. செத்தான் என்று எங்களுக்கு யார் சொன்னது, உடலைக் கண்டோமா, திதி தெரியுமா என்று கேட்டேன். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று அடைப்புக்குறிக்குள் போடவேண்டும், அதுதான் உண்மை, அதுதான் நீதி என்றேன். சமையலறையில் நின்று, பிள்ளைப் பருவத்தில் எனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கின அண்ணையோடு, சர்வதேச சட்டத்தில் கதைத்தேன். பிரான்ஸ் என்று மட்டும் விடக்கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அடுத்த நாள் சந்தியில் இருந்த அச்சகத்துக்குப் போனோம். அச்சகக்காரர் அறுபது வயதுக்காரர், தானே தட்டச்சு, தானே வடிவமைப்பு. எனக்கு அவரைப் பல வருடமாகத் தெரியும். என்னுடைய சேகரிப்பில் பாதி அவர் அடித்தவை. அவருடைய தொழில்முறை எளிமையானது. ஒரு வீட்டில் ஒருவருக்குக் கல்வெட்டு அடித்தால் அந்தக் கோப்பை அழிக்கமாட்டார். அடுத்தவர் போகும்போது அதையே திறந்து, படத்தை மாற்றி, திதியை மாற்றி, 'அன்புக் கணவரும்' என்ற இடத்தில் 'அன்பு மனைவியும்' போட்டுக் கொடுப்பார். அன்றும் அப்பாவின் கோப்புத் திரையில் திறந்திருந்தது.

"உங்கடையை நீர்வேலி எண்டு மாத்திப்போட்டன். மற்ற இடங்கள் எல்லாம் அதேதானே தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லை. தம்பியின்ரையை மாத்தவேணும். அது பொய்."

அவர் மெதுவாகக் கதிரையைத் திருப்பினார். "உது பொய்யெண்டு எனக்குத் தெரியும். அம்மா பக்கத்திலை நிண்டு சொல்ல நான்தானே அடிச்சனான்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போல, "உங்கடை வீடு மட்டுமில்லை" என்றார்.

"வேறை ஆக்களுக்கும் இப்பிடிப் போட்டிருக்கிறியளோ?"

"கேட்டால் போடத்தானே வேணும். லண்டன், கனடா எண்டு மட்டும் போடமாட்டன். அங்கை எல்லாருக்கும் சொந்தக்காரர் இருக்கினம், போன் எடுத்து விசாரிச்சுப்போடுவினம். பிரான்ஸ், ஜேர்மன், சுவிஸ் எண்டால் பரவாயில்லை. ஒரு தாய் ஐஸ்லாந்து எண்டு கேட்டவ. அது கண்ணிலை குத்தும் அம்மா எண்டு சொல்லி டென்மார்க் போட்டு விட்டனான்."

நான் சுவரை நிறைத்த என் உலகப்படத்தை நினைத்தேன். அங்கே ஒவ்வொரு நூலையும் நானே என் கையால் இழுத்துக் கட்டியிருந்தேன்.

"என்ரை படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டனீங்களோ?"

"பேப்பரிலை பாத்தனான். வடிவா இருந்தது. பிரான்சுக்கு நிறைய நூல் ஓடிச்சுது. உங்களுக்குச் சொல்லுவமோ எண்டு யோசிச்சனான். பிறகு விட்டிட்டன்."

"ஏன் விட்டனீங்கள்?"

"அவையள் அங்கையே இருக்கட்டும் எண்டுதான்."

எந்தெந்த வீடு என்று கேட்டேன். அது மட்டும் சொல்லமாட்டேன் என்றார். கெஞ்சியும் பார்த்தேன், ஆய்வின் திருத்தத்துக்கு வேண்டும் என்றேன். "தாய்மார் என்னை நம்பிச் சொன்னது தங்கச்சி" என்று முடித்துவிட்டார். பல்கலைக்கழக ஒழுக்கவியல் குழுவுக்கு முன்னால் நான் மூன்று நாள் விளக்கிய தகவல் இரகசியம் என்பதை, இந்த மனிதர் ஒரு படிவமும் இல்லாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"அம்மா ஏன் பிரான்ஸ் எண்டு சொன்னவ?" என்று அண்ணை இடையில் கேட்டார்.

"தம்பி சின்னனிலை பிரான்ஸ் புட்போல் ரீமின்ரை நீலச் சேட்டுப் போட்டுக்கொண்டுதான் பந்தடிக்கிறவராம். தோய்க்கக் குடுக்கமாட்டாராம். அவனுக்குப் பிடிச்ச இடம், அங்கையே போகட்டுமெண்டு சொன்னவ."

அந்த நீலச் சட்டை எனக்குத் தெரியும். அதன் வேர்வை மணத்துக்கு நான் அவனோடு எத்தனை சண்டை பிடித்திருப்பேன்.

அச்சகக்காரர் விசைப்பலகைக்குத் திரும்பினார். "சரி, சொல்லுங்கோ. என்ன போட?"

"காலஞ்சென்ற எண்டு போடுங்கோ," என்றார் அண்ணை. மூத்தவர் என்ற உரிமையில் முதலில் அவர் சொன்னார். அச்சகக்காரர் பிரான்சை அடைப்புக்குறியோடு எடுத்துவிட்டு, தம்பியின் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அடித்தார். திரையில் அது பெரிதாகத் தெரிந்தது. அண்ணை இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்தார்.

"எடுங்கோ," என்றார். "எடுங்கோ அதை. எடுங்கோ."

அச்சகக்காரர் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்னுடைய மூன்று சொல்லையும் சொன்னேன். அவர் அடித்தார். அது வரிக்குள் அடங்காமல் கீழே மடிந்து, அடுத்த வரியில் வந்து நின்றது. அந்தச் சொற்களை நான் எத்தனையோ பதாகைகளில் எழுதியிருக்கிறேன், எத்தனையோ பேரின் பெயருக்குப் பக்கத்தில் வாசித்திருக்கிறேன். அவை சரியான சொற்கள், இன்றைக்கும் நான் அவற்றுக்காகச் சண்டை பிடிப்பேன். ஆனால் நீலச் சட்டையைத் தோய்க்கக் கொடுக்காத என் தம்பியின் பெயருக்குப் பக்கத்தில், அம்மாவின் புத்தகத்தில், அவற்றை என்னால் பார்க்க முடியவில்லை.

"எழுத்தைச் சின்னனாக்கிப் பாப்பமோ?" என்று அச்சகக்காரர் தொழில் அக்கறையோடு கேட்டார்.

"வேண்டாம்," என்றேன். "பழைய மாதிரி விடுங்கோ."

வரும் வழியில், மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்தபடி அண்ணை, "கீரிமலையிலை அம்மாவுக்கு மட்டும் செய்வம்" என்றார். நான் ஓம் என்றேன்.

அந்தியேட்டி அன்று நல்ல சனம். குருநகரில் இருந்து அண்ணையின் பள்ளிக்கூட நண்பர்கள்கூட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் நான் படலையடியில் நின்று கல்வெட்டுக் கொடுத்தேன். வாங்கியவர்களில் பலர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்பினார்கள். நானும் அதைத்தானே இவ்வளவு காலமும் செய்தேன். பார்த்தார்கள், மூடினார்கள், என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒரு சிலர் என் கையைப் பிடித்தார்கள். இத்தனை வருடமும் என்னோடு அளந்து அளந்து கதைத்த ஊர், அன்றுதான் முதல் தரம் என்னை வீட்டுக்குள் எடுத்தது போல இருந்தது.

அச்சுவேலிப் பக்கம் இருந்து ஒரு வயதான அம்மா வந்திருந்தார். அவர் கை கழுவிவிட்டு என்னை நோக்கி வரும்போது, பக்கத்து வீட்டு மாமி என் காதுக்குள் சொன்னார்: "உவவின்ரை மோனும் எங்கடை தம்பியும் ஒரே நாளிலைதான் வன்னிக்குப் போனவை. உவனையும் பிறகு காணேல்லை."

அந்த அம்மா கல்வெட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மெதுவாக வாசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"தம்பிக்கு இப்ப எத்தினை பிள்ளையள்?"

நேர்காணலில் கேள்வி கேட்பது எப்படி என்று நான் பாடம் எடுப்பவள். பதில் சொல்லுவது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. மாமி என் முதுகில் கையை வைத்தார்.

"ரெண்டு," என்றேன். "மூத்தது பொம்பிளைப் பிள்ளை."

"நல்லது. என்ரை மோன் சுவிஸிலை. மூண்டு பிள்ளையள். பெரியவனுக்கு இப்ப பத்து நடக்குது."

"பேர் என்னம்மா வைச்சிருக்கிறார்?"

அவர் ஒரு கணமும் யோசிக்காமல் மூன்று பெயர்களையும் சொன்னார். நடுவிலுள்ளவளுக்குத் தன் தாயின் பெயரை வைத்திருக்கிறான் என்றும், கடைசிக்காரன் கொஞ்சம் குழப்படி என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"உங்கடை மருமக்களுக்கு என்ன பேர்?"

நான் வாயைத் திறந்தேன். இத்தனை வருடமும் அம்மாவுக்குத் தெரிந்திருந்த இரண்டு பெயர்கள், நான் கேட்காததால் எனக்குத் தெரியாமல் போயிருந்தன.